மெட்டி போட்ட யோலுபுக்கி

என் குரல் கட்டைக் குரல். போனை எடுத்து ஹலோ என்றால், "சார், வீட்டுல மேடம் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டு பாடும்போது நான் வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று பாட்டு டீச்சர் சொல்லியிருந்தார். கல்யாணமாகி வந்த வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார்கள். நானும் சும்மா விடவில்லை, அதே குரலில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், ஆக்லாந்தில், இந்தக் குரலுக்கென்று ஒரு வேலை வந்தது. ஃபின்லாந்து நாட்டுக் கிறிஸ்துமஸ் தாத்தாவாக ஒரு வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

கேட்டவள் என்னோடு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் ஃபின்லாந்துக்காரி. அடுத்தடுத்த மேஜை எங்களுக்கு. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், பேச்சு மிகக் குறைவு. ஆரம்பத்தில் என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் ஊரில் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே ஒரு சிநேகம் என்று புரிய ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் பங்கையும் சேர்த்து நானே பேசினேன்.

அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். குழந்தையின் அப்பா இந்த ஊர்க்காரர், பிரிந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். தனியாக இங்கே என்ன செய்வது, மார்ச் மாதம் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இவள் முடிவு செய்திருந்தாள். சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பேசியாயிற்று. அக்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. அங்கே பள்ளிக்கூடம் முழுக்க ஃபின்னிஷ் மொழியில். இந்தக் குழந்தையோ ஒரு வருஷமாக அந்த மொழியில் வாயைத் திறப்பதில்லை. அதற்கு முன்னால் அம்மாவிடம் அதில்தான் வாயாடிக்கொண்டிருந்தாளாம். இப்போது அம்மா எதைக் கேட்டாலும் பதில் இங்கிலீஷில் வருகிறது.

"ஒரே ஒரு வாக்கியம் போதும்," என்றாள், சாப்பாட்டு அறையில், தயிர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "அவ வாயிலேருந்து அதைக் கேட்டுட்டேன்னா தைரியமா டிக்கெட் போட்டுடுவேன். கேட்காம எப்படிப் போறது?"

நான் பெரிய அனுபவசாலி மாதிரி, விட்டுவிடு, எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்றேன். என் மகனும் எட்டு வயதில் தமிழை நிறுத்தினான். திட்டிப் பார்த்தேன், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவன் அசையவில்லை. இப்போது வெலிங்டனில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் சொல்வான், இருவருக்கும் பழகிவிட்டது. இதையெல்லாம் சிரிப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகுதான் அவள் திட்டத்தைச் சொன்னாள். அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு யோலுபுக்கி என்று பெயர். எல்லோரும் தூங்கிய பிறகு புகைபோக்கி வழியாக இறங்குகிற ஆள் இல்லை அவர். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலமே, வீட்டில் எல்லோரும் விழித்திருக்கும்போது, வாசல் கதவைத் தட்டிக்கொண்டு வருவார். இங்கே நல்ல பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்பார். பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும், ஒரு பாட்டுப் பாட வேண்டும், அப்புறம்தான் பரிசு. அக்கம்பக்கத்தில் யாராவது வேஷம் கட்டிக்கொள்வார்கள். இங்கே சில வருஷமாக ஒரு ஃபின்லாந்துக்காரர் செய்துகொண்டிருந்தார். அவர் தெற்குத் தீவுக்குக் குடிபோய்விட்டார்.

"யோலுபுக்கிக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவர்கிட்டயாவது பேசுவா."

"எனக்கு உங்க மொழி தெரியாதேம்மா!"

"மூணு வாக்கியம் சொல்லித் தர்றேன். மத்ததுக்குத் தலையை ஆட்டுங்க. அவருக்கு முந்நூறு வயசு, காது மந்தம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "உங்க குரல் அவரோட குரலேதான்."

என் குரலை யாரும் இப்படி ஆசையாகக் கேட்டதில்லை. உடனே சரி என்றுவிட்டேன்.

மூன்று வாக்கியத்தையும் மூன்று வாரம் படித்தேன். காரில் போகும்போது, சாம்பாருக்குப் பருப்பு கொதிக்கும்போது, துணி மடிக்கும்போது. ஓன்கோ தால்லா கில்த்தேயா லப்சியா? நல்ல பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதுதான் அது. அழுத்தி அழுத்தி வருகிற எழுத்துக்கள் நம் நாக்குக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. என் கணவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "என்னடி இது, யாருக்காவது செய்வினை வைக்கிறியா?" என்றார். அடுத்து உங்களுக்குத்தான் என்று அதே குரலில் சொன்னேன். பேப்பர் மறுபடி மேலே போய்விட்டது.

அந்த டிசம்பரில் பழக்கவழக்கம் தெரிந்துகொள்கிறேன் என்று சாக்குச் சொல்லி அவள் வீட்டுக்கு அடிக்கடி போனேன். சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷம். முதல் தடவை போனது ஆறாம் தேதி, அவர்கள் நாட்டுச் சுதந்திர தினம். அன்று ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்களாம். சாயங்காலம் மணி ஆறரை, இங்கே டிசம்பர் என்றால் கோடை, வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் இரண்டு சுடர்கள் இருப்பதே தெரியவில்லை, கிட்டே போய்ப் பார்த்தால் மேலே காற்று மட்டும் நெளிந்தது.

"இதை யாரு பார்க்கப் போறாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல," என்றாள். "அங்கே மூணு மணிக்கே இருட்டிடும். தெரு பூரா ஜன்னலுக்கு ரெண்டு சுடர். நடந்து போறப்ப நம்ம காலடிச் சத்தம்கூடக் கேக்காது, பனி எல்லாத்தையும் வாங்கிக்கும்."

அவளாகவே இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இன்னும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். மத்தியானத்திலேயே நீலமாக வருகிற இருட்டு, கீழே கிடக்கும் பனியிலிருந்து மேலே ஏறுகிற வெளிச்சம், நீராவிக் குளியல் முடிந்து உடம்பில் ஆவி பறக்க வாசலில் நிற்பது. நீராவி அறையிலிருந்து கடைசியில் வருகிறவர் ஒரு கரண்டித் தண்ணீரைச் சூடான கல்மேல் ஊற்றிவிட்டு வர வேண்டுமாம், அங்கே குடியிருக்கும் குட்டி தேவதையும் குளிக்க வேண்டுமே என்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எல்லோரும் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி வைப்பார்கள், ஆயிரம் சுடர் பனிக்குள் எரியும், யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். நான் திருச்சி வெயிலில் வளர்ந்தவள், பனியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் பார்த்ததோடு சரி. ஆனாலும் அந்த சோபாவில் உட்கார்ந்து கேட்கும்போது கால் விரல்களெல்லாம் குளிர்ந்தன. பக்கத்து வீட்டில் புல் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததுகூட எங்கோ தூரத்தில் கேட்டது.

சாப்பாட்டு மேஜைக்கு மேலே வைக்கோலால் ஒரு அலங்காரம் தொங்கியது. புக்கெகோஹி பக்கம் ஒரு பண்ணையில் வைக்கோல் வாங்கி, தண்டுகளைத் துண்டு துண்டாக நறுக்கி, உள்ளே நூல் கோத்து, கட்டம் கட்டமாகக் கட்டியிருந்தாள். ஜன்னல் மூடியிருந்தாலும் அது சுற்றும். யாராவது மூச்சு விட்டால் போதும், ஒரு பக்கம் திரும்பி, யோசித்து, மறுபடி திரும்பும். ஒரு நாள் வேலை முடிந்து போனவள் அதைப் பார்த்தபடி அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்தபோது மேலே ஒரு போர்வை இருந்தது. எதிரே அம்மாவும் மகளும் நட்சத்திரம் மாதிரி மடித்த பிளம் பழ பேஸ்ட்ரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த மொழியில் மெதுவாக ஏதோ கேட்டாள். குழந்தை இங்கிலீஷில் 'யெஸ்' என்றது. அம்மாவின் முகம் வாடியதைப் பார்த்தேன்.

குழந்தைக்கு என்னைப் பிடிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நான் உள்ளே வந்ததும் என் காலைத்தான் பார்ப்பாள். மெட்டி வலிக்காதா, தூங்கும்போதும் போட்டிருப்பீர்களா என்று இங்கிலீஷில் ஆயிரம் கேள்வி கேட்பாள். நானும் சொல்வேன். அதை நினைத்து நான் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

இருபத்துநான்காம் தேதி வந்தது. அவர்கள் நாட்டில் ஒரு பழைய நகரத்தில் அன்று நண்பகலில் மாடியில் நின்று, கிறிஸ்துமஸ் சமாதானம் தொடங்கிவிட்டது, இனி யாரும் சச்சரவு செய்யக் கூடாது என்று ஓலை வாசிப்பார்களாம். போன வருஷம் பதிவு செய்ததை எங்கள் ஊர் நண்பகலுக்குப் போட்டுக் கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு பாதாம் பருப்பு ஒளித்து வைத்த அரிசிக் கஞ்சி காலையிலேயே ஆயிற்று. குளிர்காலத்தில் வாங்கி வேகவைத்து ஃப்ரீசரில் வைத்திருந்த கிழங்கு, அடுப்பில் பன்றித் தொடை எல்லாம் தயார். நான் சைவம், எனக்கென்று கேரட் வேகவைத்திருந்தாள். பிறகு வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் திரை போட்டாள். அதற்கென்றே வாங்கி வைத்திருந்தாள், வருஷத்துக்கு ஒரு நாள் போடுவதற்கு. வெளியே பொஹுட்டுகாவா மரங்கள் சிவக்கச் சிவக்கப் பூத்து நிற்க, உள்ளே அவள் ஊர் இருட்டு.

நான் தெருமுனையில் காரில் காத்திருந்தேன். பழைய சாமான் கடையில் வாங்கிய ஆட்டுத்தோல் கோட்டு, ரோமம் வெளியே வரும்படி உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டது. அவள் அக்கா ஊரிலிருந்து பார்சலில் அனுப்பிய அட்டை முகமூடி, நரைத்த கம்பளித் தாடியோடு. இவள் குழந்தையாக இருந்தபோது பார்த்து நடுங்கிய அதே முகமூடியாம். கம்பளிக் கையுறை, ரப்பர் பூட்ஸ். கொட்டுகிற வியர்வையில் எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஒருவர் நாயோடு நடந்து போனார். நாய் நின்று என்னைப் பார்த்தது, குரைக்கலாமா என்று யோசித்தது, வேண்டாமென்று போய்விட்டது. அப்போது வரலாம் என்று போனில் செய்தி வந்தது.

கதவை மூன்று தடவை தட்டினேன். உள்ளே போனதும் கண் தெரியவில்லை. முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாகச் சுடர்கள் மட்டும் மிதந்தன. வெயிலிலிருந்து ஒரே அடியில் ராத்திரிக்குள் இறங்கியிருந்தேன். கிராம்பு வாசனை, மெழுகு வாசனை. நான் எங்கே இருக்கிறேன், நான் ஆணா பெண்ணா, எந்த வயசு என்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. கால்கள் தாமாகவே பூட்ஸைக் கழற்றி வாசலோரம் ஜோடியாக வைத்தன. என் ஆயுசில் ஒரு வீட்டுக்குள்ளும் நான் செருப்போடு போனதில்லை. அன்றைக்கு மட்டும் எப்படிப் போவேன்?

"ஓன்கோ தால்லா கில்த்தேயா லப்சியா?" என்று கேட்டேன். என் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அம்மா சோபாவில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை நடுவில் நின்றது. பதில் இல்லை. மேலே வைக்கோல் அலங்காரம் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தை என் முகமூடியைப் பார்த்தது, கோட்டைப் பார்த்தது, மெல்லக் கீழே இறங்கி என் காலைப் பார்த்தது. சுடர் வெளிச்சத்தில் இரண்டு மெட்டியும் பளபளவென்று இருந்தன. போச்சு, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது 'ஆன்ட்டி' என்று சிரிக்கப் போகிறாள், அம்மாவின் ஒரு வருஷ ஆசை என் இரண்டு கால் விரலால் பாழாகப் போகிறது.

குழந்தை சிரிக்கவில்லை. கிட்டே வந்து என் கையைப் பிடித்து இழுத்தது. மண்டியிட்டேன். முகமூடி ஓரத்தில் வாயை வைத்து ரகசியம் சொல்லத் தொடங்கியது. ஃபின்னிஷில்.

ஒரு வாக்கியம் இல்லை. வந்துகொண்டே இருந்தது. அந்த மொழியில் அவள் குரல் வேறாக இருந்தது. இங்கிலீஷில் துள்ளுகிற குழந்தை இதில் நிதானமாக, கொஞ்சம் பெரியவளாக, ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்துப் பேசியது. ஒன்றும் புரியாமல் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். புரியாததாலேயோ என்னவோ, காதில் வெதுவெதுவென்று ஏதோ ஊற்றுகிற மாதிரி இருந்தது, முடியக் கூடாது என்று இருந்தது. குழந்தைகள் சொல்லும் ரகசியம் அடுத்த தெருவுக்கே கேட்கும். சோபா நான்கடி தூரம்தான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நகர்ந்து என் கண் ஓட்டைகளைப் பார்த்தது. அதற்கு எந்த வாக்கியம் என்று எனக்குத் தெரியவில்லை. "சரி கண்ணு, சரி" என்றேன் தமிழில். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. பாட்டுப் பாடினாள், பரிசை வாங்கிக்கொண்டாள். போக வேண்டிய வழி தூரம் என்கிற மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம், துணி துவைக்கிற அறைக்குப் போய் கோட்டைக் கழற்றினேன். அங்கே பட்டப்பகல் மாதிரி வெயில். சற்று நேரத்தில் அவளும் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் சந்தோஷத்தில் குதித்தேன்.

"பேசிட்டாளே! ஒரு வாக்கியம் கேட்டே, ஒரு மணி நேரம் பேசிட்டா! போடு டிக்கெட்டை!"

அவள் வாஷிங் மெஷினில் சாய்ந்துகொண்டாள். "என்ன சொன்னான்னு சொல்லவா?" என்று கேட்டாள்.

குழந்தை சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "நீங்க அம்மாவோட வேலை செய்யற ஆன்ட்டி, எனக்குத் தெரியும். உங்களுக்கு இது புரியாது, அதனாலதான் சொல்றேன். நான் ஒண்ணும் மறக்கல. எல்லா வார்த்தையும் தெரியும். ராத்திரி போர்வைக்குள்ள எனக்கு நானே பேசிப் பார்த்துக்கிறேன். ஆனா நான் பேசினா அம்மா என்னை அங்கே கூட்டிட்டுப் போயிடுவா. பெரியம்மாகிட்ட தினம் போன்ல அப்படித்தான் சொல்றா. எனக்கு அங்கே யாரையும் தெரியாது. எனக்கு இதுதான் வீடு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அழுவா. சொல்ல மாட்டீங்கல்ல?"

அதற்குத்தான் நான் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் மகன் தமிழை நிறுத்திய வருஷம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வருஷம்தான் தினமும் சாயங்காலம் என் அக்காவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வருஷம்தான், திருச்சியிலேயே ஒரு மனை பார்த்து வை, வந்துவிடுகிறோம் என்று. அவன் அதே மேஜையில் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். தலையை நிமிர்த்தியதே இல்லை. பிள்ளைக்கு இதெல்லாம் என்ன புரியும் என்று நினைத்தேன். எத்தனை நாள் எதிரே உட்கார்ந்து கேட்டிருப்பான்?

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டாள். கழுவி, துடைத்து, கொஞ்ச நேரம் துண்டை முகத்திலேயே வைத்திருந்தாள். அந்தத் துண்டுக்குப் பின்னால் அக்கா, பக்கத்துத் தெரு, பேசி வைத்த வேலை, பனி எல்லாம் இருந்திருக்கும். பிறகு உள்ளே போனாள். நான் வெறுங்காலோடு கதவருகில் நின்றேன்.

குழந்தை தரையில் பரிசுக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தது. அம்மா எதிரே உட்கார்ந்து இரண்டே வார்த்தை சொன்னாள். "எம்மே லாஹ்தே." நாம் போகவில்லை என்று அர்த்தம், அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் அந்த நிமிஷமே எனக்குப் புரிந்தது. குழந்தை மடிப்பதை நிறுத்தியது. என்னைப் பார்த்தது, வாக்கு மீறிவிட்டேனா என்று. நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். பிறகு அம்மாவைப் பார்த்து, அவர்கள் மொழியிலேயே, சத்தமாக, ஒரு கேள்வி கேட்டது. அப்போ நீ அழுவாயா என்று கேட்டதாம். அம்மா பொய் சொல்லவில்லை. கொஞ்ச நாள் அழுவேன் என்றாள்.

குழந்தை காகிதத்தை வைத்துவிட்டு எழுந்து போய் அவள் மடியில் ஏறிக்கொண்டது. பேசினார்கள். ஒரு வருஷத்துப் பேச்சு, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, அழுகையும் நடுவில் சிரிப்புமாக. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நிறைய சந்தோஷமாக இருந்தது, அதே அளவுக்குப் பொறாமையாகவும் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. நாங்களும் திருச்சிக்குப் போகவில்லை. பதினாறு வருஷம் ஆயிற்று, வீடு வாங்கினோம், மார்ட்கேஜ் பாதி கட்டிவிட்டோம். ஆனால் நாம் போகவில்லை என்று என் பிள்ளையிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.